ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம்

"போச்சு! இன்னிக்குச் சந்தோஷம் மொத்தமும் போச்சு!"

அப்பா ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டார். வாசலில் நின்ற கார் முனகக்கூட இல்லை.

ஆபீசில் நடந்த மகிழ்ச்சி வகுப்புக்கு அவர் போய் வந்ததிலிருந்து இந்தக் கூத்துதான். ஞாயிறு விடிந்தால் குடும்பத்தையே அள்ளிப் போட்டுக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். போன இடத்திலாவது சும்மா விடுவாரா? "இப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க? பத்துக்கு மார்க் போடுங்க!" என்று நச்சரிப்பு வேறு.

எட்டு என்று சொன்ன பாவத்துக்கு, போன வாரம் சின்னவன் அருவியில் இன்னொரு தடவை குளிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்," என்றாள் அம்மா, முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு.

அப்பா போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தார். "வர்றாராம். ஆனா ரொம்ப லேட்டாகுமாம்," என்று பெருமூச்சு விட்டார்.

காருக்குள்ளேயே காத்திருந்தார்கள். பசிக்க ஆரம்பித்ததும் கட்டி வைத்த சாப்பாட்டைப் பிரித்தார்கள். ஸ்டீயரிங்கில் அப்பா குத்தியதைப் பெரியவள் நடித்துக் காட்ட, சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

மார்க் கேட்கத்தான் ஆள் இல்லை. அப்பா கதவில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். "அடடே, பேட்டரியில ரெண்டு ஒயருமே லூஸ்!"

அம்மா சத்தம் போடாமல் இறங்கி அவர் பக்கத்தில் போனாள்.

"தம்பி, அவர் காதுல போட்டுடாதீங்க. இந்தப் பக்கத்து ஒயரை லூசாக்கினது நான்தான். ஒரு ஞாயித்துக்கிழமையாவது எங்கயும் அலையாம நிம்மதியா இருக்கலாமேன்னு பார்த்தேன். ஆனா அந்தப் பக்கத்து ஒயர் எப்படி லூசாச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, காருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அது அண்ணன் வேலை, அக்கா. உங்க காதுல போட வேணாம்னார்!"