முருங்கையடியில் கிடந்தது

இடது காலுடையதா, வலது காலுடையதா என்று இன்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. நிறமும் குழம்புகிறது. நீலம் என்றுதான் நினைக்கிறேன்.

கவிழ்ந்து கிடந்தது. அதில் மட்டும் சந்தேகமில்லை.

காலை ஏழு மணி. முத்துப்பேச்சி இன்னும் கிணற்றுக்குள்தான் இருந்தாள். கூட்டத்தை நிறுத்து, யாரும் ஒன்றையும் தொடக்கூடாது என்று சொல்லி ஸ்டேஷனிலிருந்து முதல் ஆளாக என்னை அனுப்பியிருந்தார்கள். நான் போலீஸில் சேர்ந்து பதினோரு மாதம்.

பின்வாசலருகே ஒரு முருங்கை. அதிலிருந்து கிணறு வரைக்கும் கயிறு கட்டினேன்.

கட்டும்போது காலில் இடறியது.

கவிழ்ந்த செருப்பை எங்கள் வீட்டில் யாரும் அப்படியே தாண்டிப் போகமாட்டோம். சண்டை வரும் என்பார்கள். கால் விரலால் நிமிர்த்தினேன். கூட்டம் மிதித்துவிடுமே என்று தோன்றியது. எடுத்துப் போய்க் கிணற்றோரம் கிடந்த இன்னொன்றின் பக்கத்தில் வைத்தேன்.

ஜோடியாக.

பிறகு ஒரு மணி நேரம் ஒருவரையும் உள்ளே விடாமல் நின்றேன். சரியாகச் செய்வதாகத்தான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ரைட்டரும் போட்டோக்காரரும் வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் அவளை மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். கணவன் அய்யாத்துரை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மாதான் முதலில் சொன்னாள்.

"கோயிலுக்குள்ள போறவ மாதிரி செருப்பக் கழட்டி வச்சிட்டுல்லா போயிருக்கா."

போட்டோக்காரர் உடனே அதை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல ரைட்டர் மகஜர் எழுதினார். கிணற்றின் விளிம்பில் செருப்புகள் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. இறந்தவர் தாமாகவே.



முருங்கையிலிருந்து கிணற்றுக்கு இருபத்திரண்டு அடி. சாகப் போகிறவள் ஒற்றைச் செருப்போடா நடப்பாள்?

"அய்யா, அந்தச் செருப்ப நான்தான் அங்க வச்சேன்."

ரைட்டரின் பேனா நின்றது.

அய்யாத்துரை தலையை நிமிர்த்தினான்.

இன்ஸ்பெக்டர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார். யாரும் பார்க்கவில்லை என்றார். போட்டோ எடுத்தாயிற்று, எழுதியாயிற்று என்றார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான் என்றார்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். முருங்கையடியும் உள்ளே வருமாறு சுற்றிக் கட்டினேன்.

"இப்பவே மெமோ குடுத்துருவேன், பாத்துக்க."

"குடுங்க அய்யா. எங்க கிடந்துச்சு, எப்படிக் கிடந்துச்சு, எங்க கொண்டுபோயி வச்சேன், எல்லாத்தையும் எழுதிக் குடுங்க."

மதியமே கொடுத்தார். கோபத்தில் ஒன்றையும் விடவில்லை. முருங்கையடி. கவிழ்ந்த நிலை. இருபத்திரண்டு அடி. கீழே அவருடைய கையெழுத்து.

பெற்றுக்கொண்டதாக நானும் கையெழுத்துப் போட்டேன். கயிற்றருகே திரும்பி வந்து நின்றேன்.

மெமோவின் நகல் மேலே போனது. சாயங்காலம் டி.எஸ்.பி. வந்தார். கயிற்றுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வளையல் துண்டுகள். குதிகால் இழுபட்ட தடம்.

மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், இடதா, வலதா?

தெரியாது என்றேன்.

"எந்தக் காலுன்னு தெரியாது, கவிழ்ந்தது மட்டும் தெரியுமாக்கும்."

ஆமாம் என்றேன்.

அரசு வக்கீல் எழுந்து மகஜரையும் மெமோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நாள். இரண்டிலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்து. நீதிபதி இரண்டையும் இருமுறை படித்தார்.

அய்யாத்துரைக்கு ஆயுள் தண்டனை. அவன் அம்மா இறந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். முத்துப்பேச்சியின் மகள் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள், எட்டாம் வகுப்பு. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஏட்டு ஆகிவிட்டார்கள்.

அந்த மெமோ இருக்கும்வரை பதவி உயர்வு வராது, ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடு என்று கூட வேலை பார்த்தவர்கள் வழக்கு நடந்த மூன்று வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நான் கொடுக்கவில்லை.