வலது கண்

ஒரு லாயத்தில் ஒரு பெண் குதிரை தனியாக இருந்தது. அதன் வலது கண்ணில் வைக்கோல் குத்திப் புண்ணாகிவிட்டது. அதுவரை காலையில் ஒரு முறை வந்து புல் போட்டுவிட்டுப் போன வேலப்பன், இப்போது நாளுக்கு நான்கு முறை வந்தான். கன்னத்தைத் தாங்கி, இமையைப் பிரித்து, "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி" என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டான்.

ஒன்பதாம் நாள் வைத்தியர் கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தார். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"கொள்ளு அளவு இருந்தது எள்ளளவு ஆகிவிட்டதாம்," என்றது சுவரில் இருந்த பல்லி. "இன்னும் இரண்டு நாள் மருந்து போதுமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பழையபடி ஒரு முறைதான் வருவான்."

குதிரை மெல்ல நகர்ந்து, கட்டியிருந்த தூணில் கண்ணைத் தேய்த்தது.

"அடி பைத்தியமே! எனக்கு வால் போனால் முளைக்கும். உனக்குக் கண் முளைக்குமா?" என்று பல்லி கத்தியது.

மறுநாளிலிருந்து வேலப்பன் ஆறு முறை வந்தான். குதிரை ஒவ்வொரு முறையையும் எண்ணிக்கொண்டது. பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் கண் முழுதும் வெளுத்திருந்தது. இனி மருந்து வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை வேலப்பன் வலது பக்கமாக வந்து புல்லைப் போட்டான். குதிரை திரும்பி இடது கண்ணால் பார்ப்பதற்குள் போய்விட்டான்.

"அவன் முகம் எப்படி இருந்தது?" என்று குதிரை கேட்டது.

"அவன் நிற்கவே இல்லையே," என்றது பல்லி. "நானும் சரியாகப் பார்க்கவில்லை."