நான் இல்லாம முடியுமா?

மெல்லிசைக் குழுவின் எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் ஒரு கிழட்டு பேட்டரி குடியிருந்தது. கச்சேரியே இல்லாத மழைக்காலத்தில் அதைக் கழற்றி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, உங்க உடம்புல இருந்து என்னமோ கசியுது. என் வயரெல்லாம் அரிக்குது. கொஞ்சம் வெளியே போங்களேன்" என்றது கிட்டார்.

"அது ஆனந்தக் கண்ணீர் தம்பி! நான் போயிட்டா உனக்குக் குரலே வராது" என்றது பேட்டரி.

தை பிறந்ததும் ஒரு கல்யாணக் கச்சேரி வந்தது. கிட்டார்காரர் டென்சிங் மேடைக்குப் பின்னால் மூடியைத் திறந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பழைய பேட்டரியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, புத்தம் புதுசை மாட்டினார். அரித்துப்போன வயரில் மின்சாரம் ஓடவில்லை. கிட்டார் வாயே திறக்கவில்லை.

குப்பைக்கூடைக்குள்ளிருந்து ஒரு குரல் குதூகலித்தது:

"பார்த்தியா தம்பி! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"