ஐந்தாவது மூக்கு

கடைசிக் குடுவையையும் முகர்ந்துவிட்டு பிரவீனா தலையை ஆட்டினாள். “இன்னும் வாடை இருக்கு சார்.”

மற்ற நால்வரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவள் ஒருத்திதான் முட்டுக்கட்டை.

எவனோ ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். சுத்திகரிப்பு நிலையத்தை மூடி, தண்ணீரில் ஓசோன் ஊதி, கரிப்படுகையில் வடித்து, வடித்ததையே மறுபடியும் வடித்தாயிற்று. கருவிகள்கூடச் சரி என்றுவிட்டன. ஆனால் முகர்கிற ஐந்து பேரும் ஒரே வார்த்தை சொன்னால்தான் ஊருக்குத் தண்ணீர் திறக்கலாம். அதுவரை சிகாமட் ஊர்க் குழாய்கள் வெறும் காற்றைத்தான் கக்கும். பிள்ளைக்குப் பால் கலக்கத் தண்ணீர் இல்லாமல் தாய்மார்கள் வாளியோடு தெருவில் நிற்பார்கள்.

அது அவளுக்குத் தெரியாதா என்ன? அவர்களுக்காகத்தானே முகர்கிற நாளில் பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை, காலையில் காரமான மிளகாய்ச் சம்பல் பக்கமே போவதில்லை. வாடை அடிக்கும்போது இல்லை என்று எந்த வாயால் சொல்லுவாள், பாவம்?

மேற்பார்வையாளர் யுகேந்திரன் பொறுமை இழந்து எழுந்து வந்தார். அவள் பக்கம் குனிந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

“அலமாக்! தண்ணியில இல்லக்கா, உங்க மேலதான் அடிக்குது. தின்னர்ல குளிச்சிட்டு வந்தீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

ஆற்றில் அடித்த அதே நெடி.

காலையில் தூறல். மோட்டார் சைக்கிளில் கிளம்பும்போது கைக்குக் கிடைத்தது கணவன் ரூபேந்திரனின் ஜாக்கெட். நெஞ்சில் சாரல் படாமல் அதை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் டாங்கி லாரி ஓட்டுகிறவன். செம்பனை எண்ணெய்தான் ஏற்றுவதாகச் சொல்வான். லாரிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் இரண்டும் வாசலுக்கு ஓடும்.

பிரவீனா போய்ச் சட்டையை மாற்றினாள். முகத்தையும் கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து குடுவைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

ஒரு வாடையும் இல்லை. அத்தனை சுத்தம்.

அவள் தலையசைத்ததும் யுகேந்திரன் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே கேட்டார்: “அப்படி என்னதான்க்கா நடக்குது வீட்டுல?”

“பெயின்ட் அடிக்கிறோம் சார்,” என்றாள்.