வெளித் தாழ்ப்பாள்

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் வரணும். உள்பக்கம் இருக்கிறதைக் கழட்டிடுங்க."

தச்சருக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எத்தனையோ படுக்கையறைக் கதவு பார்த்தவர் அவர். வெளியே தாழ்ப்பாள் கேட்டவர்கள் உண்டு. உள்ளே இருப்பதைக் கழற்றச் சொன்னவர் யாருமில்லை.

வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் கேட்காமலேயே யோசனை சொல்வது அவர் வழக்கம். மழைக்கு ஊதிப்போன கதவை அவசரப்பட்டு இழைக்காதீர்கள், வெயில் வந்தால் தானே இறங்கிவிடும் என்பார். திருகாணி ஓட்டை லொடலொடத்தால் நாலு தீக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகுங்கள் என்பார். இங்கேயும் வாய் சும்மா இருக்கவில்லை. உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாளாவது இருக்கட்டும் சார், படுக்கிற இடம் இல்லையா என்றார்.

"உள்ளே இருக்கிறவங்களுக்கு அது எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து மற்ற வேலைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னல் கதவு ஒரு சாண் அகலத்துக்கு மேல் திறக்கக் கூடாது. அறையை ஒட்டிய குளியலறைக் கதவிலும் உள் தாழ்ப்பாள் வேண்டாம். சுவரில் பதித்த கண்ணாடியைப் பெயர்த்துவிட வேண்டும். கதவின் அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை போட வேண்டும். படிக்கும்போது அவருடைய கை நடுங்கியது. எவ்வளவு கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறாரோ என்று தச்சர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். வீட்டுக்காரர், அவர் மனைவி. உள்ளே அடைபடப் போவது யார் என்று கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே கன்றிப்போன ஒரு தழும்பு. தச்சரின் பார்வை அங்கே போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ரம்பத்தை எடுத்த தச்சருக்கு வேலையே ஓடவில்லை. தட்டு நுழையும் ஓட்டைக்குக் கோடு கிழித்தார், கோணிப் போயிற்று, அழித்துவிட்டு மறுபடி கிழித்தார். போட்டது போட்டபடி கிளம்பிவிடலாமா? கிளம்பினால் இந்த ஆள் வேறொரு தச்சனைக் கூப்பிடுவான். போலீசுக்குப் போகலாமா? என்னவென்று சொல்வது, தாழ்ப்பாளை வெளியே போடச் சொன்னார் என்றா? இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவர்களில் ஒருத்தி இப்படி நின்றால் என்று நினைத்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பூட்டு வாங்கி வருவதாகச் சொல்லி வீட்டுக்காரர் கடைக்குப் போனார். இதுதான் சமயம் என்று தச்சர் எழுந்து அவளிடம் போனார்.

"அம்மா, என்னை உன் கூடப்பிறந்தவனா நினைச்சுக்கோ. ஏதாவது கஷ்டம்னா சொல்லு. இப்பவே என்கூடக் கிளம்பு, என் வீட்டுல என் சம்சாரம் இருக்கா."

அவள் கண் கலங்கியது. ஆனால் சொன்னது வேறு.

"கெட்டியா போட்டுடுங்க அண்ணே. எவ்வளவு இடிச்சாலும் அசையக் கூடாது."

தச்சருக்குத் தலை சுற்றியது. தன்னை அடைக்கப் போகிற கதவைத் தானே கெட்டியாகக் கேட்கிற பெண்ணை எந்த ஊரில் பார்க்க முடியும்? அடித்து அடித்து இப்படிப் பேசப் பழக்கி வைத்திருக்கிறானா? இல்லை, புத்திதான் பிசகிப்போயிற்றா? அப்படியானால் வைத்தியம் பார்க்காமல் அடைத்து வைக்கலாமா? எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

கடைசியில் தன் தொழில் அறிந்த ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தார். இரும்புத் தாழ்ப்பாளுக்கு ஒன்றரை அங்குலத் திருகாணி போடவேண்டிய இடத்தில் அரை அங்குலம் போட்டு முடுக்கினார். பார்வைக்கு மலை மாதிரி இருக்கும். உள்ளேயிருந்து தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தால் மரத்தைவிட்டுப் பெயர்ந்து வந்துவிடும். வாழ்க்கையில் அவர் தெரிந்தே செய்த முதல் மோசமான வேலை அது. கை கூசியது, மனசு மட்டும் கூசவில்லை.

திரும்பி வந்த வீட்டுக்காரர் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். தச்சர் தலை நிமிராமல் உளியைத் துடைத்தார். நல்லா இருக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. தச்சர் பையைக் கட்டுகிற சாக்கில் அங்கேயே குந்தியிருந்தார். பலவந்தம் ஏதாவது நடந்தால் குறுக்கே விழுந்துவிடுவது என்று முடிவுசெய்து சுத்தியலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் புதுப் பூட்டையும் சாவியையும் மனைவியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"டாக்டர் வந்து பார்க்கிற நேரம் தவிர திறக்காதே. கெஞ்சுவேன், உன் தலைமேல சத்தியம் பண்ணுவேன், கதவை உடைக்கப் பார்ப்பேன். இந்தத் தடவை குடியை விட்டே ஆகணும்" என்று சொல்லிவிட்டு, அறைக்குள்ளே போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டார்.

"பூட்டிடாதேம்மா, ஒரே ஒரு நிமிஷம்" என்ற தச்சர், கட்டிய பையை அவிழ்த்துத் தரையில் கொட்டி, ஒன்றரை அங்குலத் திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.