ருக்கியாவின் தேசிமரம்

இந்த முறை நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் மட்டும்தான் வந்தது. வருஷா வருஷம் கூடவே வரும் தேசிக்காய் அச்சாறு, அந்த எலுமிச்சை ஊறுகாய், வரவில்லை.

தட்டை வாங்கிப் பார்த்த நேசம் அக்காவுக்குச் சுருக்கென்றது. "ருக்கியாவுக்குக் கை சுருங்கிப் போச்சு."

"சண்டைக் காலம். எல்லாருக்கும் தட்டுப்பாடுதானே," என்றான் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவள் கணவன் செபஸ்தியன்.

"முற்றத்தில தேசிமரம் நிக்குது. அதுக்கென்ன தட்டுப்பாடு?"

அவர்களுடைய மகள் கொன்ஸ்ரன்ஸ் கட்டிலில் கிடந்தாள். காய்ச்சல் நெஞ்சைத் தாக்கிவிட்டது. மூன்று மாதம் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் படுக்க வைப்பது லேசா? முதல் வாரமே இரண்டு தரம் இறங்கி ஓடி, மூச்சு வாங்கி விழுந்தாள்.

அதனால்தான் கொழும்பில் கொட்டாஞ்சேனை முழுக்கச் சாப்பாட்டுக்கு மரவள்ளி நட்டபோது, நேசம் மட்டும் ஜன்னலடியில் வெட்சியும் செவ்வரத்தையும் நட்டாள். கறுப்பில் மஞ்சள் பொட்டு வைத்த வண்ணாத்திப்பூச்சிகள் வந்தன. அவற்றை எண்ணிக்கொண்டு பிள்ளை அசையாமல் கிடந்தாள். "எல்லாம் என்ட பூ செய்த வேலை!" என்று நேசம் கண்டவரிடமெல்லாம் சொன்னாள்.

ஒரே கவலை, வேலிக்கு அந்தப் பக்கத்துத் தேசிமரம். இலைக்கு இலை புழு. தன் செடிகளுக்கும் தொற்றிவிடுமோ என்று அவளுக்குப் பதைப்பு. இரண்டு தரம் சொல்லியும் பார்த்தாள். ருக்கியா சிரித்து மழுப்பிவிட்டாள்.

பெருநாளுக்கு மறுநாள், வந்த தட்டை வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று நாலு கதலிப்பழம் வைத்து எடுத்துப் போனாள் நேசம். மற்றக் கையில் புழுவைக் கொல்ல ஒரு வாளி புகையிலைத் தண்ணீர். தட்டைக் கொடுத்த கையோடு வாளியை மரத்துக்கு நேராகத் தூக்கினாள்.

ருக்கியா பாய்ந்து கையைப் பிடித்தாள். "ஊத்த வாணாம் அக்கா!"

"காயுமில்லை, இலையுமில்லை, எங்களுக்கு அச்சாறுமில்லை. புழுவுக்கோ மரம் வளக்கிறீங்கள்?"

"ஓம் அக்கா."

ருக்கியா ஒரு கிளையை வளைத்துக் காட்டினாள். கூடு ஒன்று பிளந்து, கறுப்பில் மஞ்சள் பொட்டு வைத்த ஒன்று ஈரச் சிறகை விரித்துக்கொண்டிருந்தது.

"இதுக்குப் புழுவா இருக்கக்குள்ள தேசி இலைதான் சாப்பாடு. உங்கட புள்ள எண்ணுற சத்தம் எனக்கு இங்க கேக்கும். புள்ள எழும்பி நடக்கட்டும், பொறகு அச்சாறு போடுவம்."

"மாதாவே!" நேசம் வாளியைக் கீழே வைத்துவிட்டு ருக்கியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "என்ட பிள்ளையைக் காப்பாத்தினது நீங்கள். ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"உங்கட பூவுக்குத்தான் வருதெண்டு ஊரெல்லாம் சந்தோஷமாச் சொன்னீங்களே அக்கா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல்ல."