நம்ம ஆளு

"கையெழுத்தெல்லாம் போட மாட்டேன், தம்பி. என்னை விட்டுடுங்க" என்றார் கேள்விக்காரர்.

லைட்டண்ணன் நீட்டிய மனுவை மடக்கவில்லை.

"எல்லாரும் போட்டாச்சு, சார். மேக்கப் அக்கா, வண்டி ஓட்டுறவர், டீ கொடுக்கிற அம்மா வரைக்கும். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"பாக்கியாவே இருக்கட்டும்."

"என் சகலை கேமரா கிரேன்ல இருந்து விழுந்தது உங்க கண்ணு முன்னாடிதானே? விடியறதுக்குள்ள ஏறினவன். இருட்டின பிறகும் இறக்கி விடலை. கண்ணு சொக்கி விழுந்தான், இடுப்பு எலும்பு போச்சு. 'தூங்கினது அவன் தப்பு'ன்னு எழுதி வெச்சிட்டாங்க. நாம என்ன மாளிகையா கேக்கிறோம்? எட்டு மணி நேர வேலை. அதுதானே?"

கேள்விக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் கேள்வி எழுதுறவன். பதில் சொல்றது என் வேலை இல்லை."

ஆத்திரத்தில் லைட்டண்ணன் வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"கருங்காலி."

மாலைக்குள் அந்தப் பெயர் ஸ்டூடியோ முழுக்கப் பரவிவிட்டது.

நாட்டுக்கே அறிவு புகட்டும் வினாடி வினா அது. பல வருடமாக ஓடுகிறது. தொகுப்பாளருக்குப் பாதி விடை தெரியாது. எதிரே இருக்கும் திரை சொல்லிக் கொடுக்கும். கைதட்டுகிறவர்கள் கூலிக்கு வந்தவர்கள். லைட்டண்ணன் பச்சை விளக்கைப் போட்டால்தான் தட்டுவார்கள். அரங்கை அவ்வளவு குளிராக வைத்திருப்பதே அவர்கள் தூங்கி வழியாமல் இருக்கத்தான். அங்கே நிஜம் என்று ஒன்று உண்டென்றால் அது கேள்வி மட்டும். ஒட்டிய கவரில் வரும். தயாரிப்பாளர் பிரித்துப் படித்து, சரி என்ற பிறகே கம்ப்யூட்டரில் ஏறும்.

மனு அந்தத் தயாரிப்பாளர் மேஜைக்குப் போனது. அவர் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"கேள்விக்காரர் போடலையா? பரவாயில்லையே. அவர் நம்ம ஆளு. இனிமே அவர் கவரைப் பிரிக்கக்கூட வேண்டாம், அப்படியே ஏத்துங்க. மத்தவங்க மேலதான் ஒரு கண்ணு வெக்கணும்."

சொல்லிவிட்டு மனுவை இழுப்பறைக்குள் தள்ளினார்.

மனுவைக் கொடுத்துவிட்டு அறை வாசலில் நின்ற லைட்டண்ணன் இதைத் தன் காதாலேயே கேட்டார். அப்புறம் கேன்டீனில் கேள்விக்காரர் உட்கார்ந்த மேஜைப் பக்கம் யாரும் போகவில்லை. மேக்கப் அக்கா மட்டும் போனார்.

"இந்த நாற்காலி காலியா, இல்ல முதலாளிக்குப் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"காலிதாம்மா. எடுத்துக்குங்க."

அக்கா எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

ஆண்டு விழா வந்தது. நேரடி ஒளிபரப்பு. போட்டியாளர் நாற்காலியில் சேனல் முதலாளியே உட்கார்ந்தார். முதல் கேள்வி, சூரியன் உதிக்கும் திசை எது. அடுத்தது, பறக்காத பறவை எது. முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது, கைதட்டினார்கள்.

மூன்றாவது கேள்வி திரையில் வந்தது. தொகுப்பாளர் வழக்கமான உற்சாகத்தோடு வாசிக்கத் தொடங்கினார்.

"சட்டப்படி ஒரு தொழிலாளியின் ஒரு நாள் வேலை நேரம் எவ்வளவு? அ, எட்டு மணி நேரம். ஆ, பன்னிரண்டு. இ, பதினான்கு. ஈ... முதலாளிக்குத் தூக்கம் வரும்வரை."

கண்ணாடி அறைக்குள் தயாரிப்பாளர் எழுந்து நின்றார். நேரடி ஒளிபரப்பை எங்கே வெட்டுவது?

கேள்வி வந்ததும் அரங்கை இருட்டாக்கி, போட்டியாளர் முகத்தில் மட்டும் வெளிச்சம் போடுவது வழக்கம். லைட்டண்ணன் வழக்கத்தை மீறவில்லை. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாகவே விட்டார். அந்தக் குளிரிலும் முதலாளிக்கு நெற்றி வியர்த்தது.

"அ... எட்டு."

"சரியான விடை."

அடுத்து தொகுப்பாளர் என்ன கேட்பார் என்பது வீட்டில் பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு சரியான விடைக்குப் பிறகும் இத்தனை வருடமாகக் கேட்பதுதான். பழகிய நாக்கு, நிற்கவில்லை.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும், சார்?"

முதலாளி கேமராவைப் பார்த்தார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்ம... நம்ம ஸ்டூடியோவுலயே அதுதானே நடைமுறை. ஒருத்தரையும் ஒரு நிமிஷம் கூடுதலா நிறுத்த மாட்டோம்."

லைட்டண்ணன் பச்சை விளக்கைப் போட மறந்தே போனார். கூலிக்குத் தட்டுகிறவர்கள் விளக்கைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க, கேமராக்களுக்குப் பின்னாலிருந்து எழுந்தது கைதட்டல்.

மறுநாள் காலை வாசல் பலகையில் எட்டு மணி நேர அறிவிப்பு தொங்கியது. ஊரறியச் சொன்னதை எப்படி இல்லை என்பது? சகலை போட்டிருந்த நஷ்டஈட்டு வழக்குக்கு அந்த ஒளிபரப்பே போதும் என்றார் வக்கீல்.

அதே காலை கேள்விக்காரருக்கு வேலை போனது.

லைட்டண்ணன் ஓடிப் போய் அவரை வாசலில் பிடித்தார். கையில் ஒரு பை, கக்கத்தில் ஒரு குடை.

"மன்னிச்சிடுங்க, சார். உங்களைப் போய் அந்த வார்த்தை சொல்லிட்டேன்."

"அட, அந்த வார்த்தைதான் தம்பி ரொம்ப உதவுச்சு."

லைட்டண்ணனுக்குப் புரியவில்லை. "இவ்வளவு துணிஞ்சவர், அன்னைக்கு அந்த மனுவுல ஒரு கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

கேள்விக்காரர் குடையை விரித்தார்.

"போட்டிருந்தா, என் கவரைப் பிரிச்சுப் படிச்சிருப்பாங்களே."